ஆறு கேள்விக்குறி

சேவ் பண்றது தப்பா தம்பி? நீங்களே சொல்லுங்க. பஸ் கிளம்பினதுலேருந்து மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு அரை மணி நேரமா எதையோ அடிக்கிறீங்க, சேவ் பண்றீங்க, மறுபடி அடிக்கிறீங்க, சேவ் பண்றீங்க. ஏன்யா சேவ் பண்ணினேன்னு கேட்டு உங்களுக்கு யாராவது மெமோ குடுத்தாங்களா? எனக்குக் குடுத்தாங்க. எட்டு மாசமா சஸ்பென்ஷன்ல இருக்கேன். ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. "கவனமின்றி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து பதிவுகளைச் சேமித்தமை." கவனமில்லாம ஒரு மனுஷன் ஒரே வேலையை ஆயிரத்து எண்ணூறு தடவை செய்ய முடியுமா? ரெண்டு தடவை செய்வான். மூணாவது தடவை டீ குடிக்கப் போயிடுவான்.

நீங்க இந்தத் தொழில்தானே? பாத்தாலே தெரியுது. நானும் அதேதான். வேலங்குடி தாலுகா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பிரிவு, பேரு ஞானசுந்தரம். பிரிவுன்னா நான் ஒருத்தன்தான். பத்தொம்பது வருஷம். அந்த ஆபீஸ்ல பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, ஃபேன் சத்தம் போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அப்படி இருந்தவன் நான்.

கதையை முதல்லேருந்து சொல்றேன், உங்களுக்குப் புரியும். ஏரிக்கரை, வாய்க்கா ஓரம், ரோட்டு ஓரம்னு புறம்போக்குல குடிசை போட்டிருந்தவங்களுக்கு வீட்டு மனை குடுக்கறதா ஒரு திட்டம் வந்துச்சு. எங்க தாலுகாவுல ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு பேரு. அத்தனை பேர் விண்ணப்பத்தையும் வாங்கி, பேரு, அப்பா பேரு, புருஷன் பேரு எல்லாத்தையும் தமிழ்ல டைப் அடிச்சு ஏத்தினது யாரு? நான். ஆதார் நம்பர் போட அந்தப் பட்டியல்ல கட்டமே வைக்கல, அது சென்னையில பட்டியல் தயார் பண்ணினவன் தப்பு, என் தப்பில்ல. ஏத்தி முடிச்சதும் பேப்பரெல்லாம் பீரோவை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே ஐயா, இனி இந்தக் குப்பை எதுக்குன்னு தாசில்தார்கிட்ட சொன்னேன். எங்க தாசில்தார் கஜேந்திரன்னு ஒருத்தர், நல்ல மனுஷன், யார் என்ன சொன்னாலும் சரிம்பார். சரின்னார். பழைய பேப்பர்காரன் வண்டியில போயிடுச்சு. அது இந்தக் கதைக்கு சம்பந்தமில்ல, சும்மா சொன்னேன்.

மனை ஒதுக்கறது குலுக்கல்ல. கம்ப்யூட்டரே குலுக்கி யாருக்கு எந்த மனைன்னு போட்டுடுச்சு. மறுநாள் பட்டியலை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் மூடற நேரத்துல ஒரு அம்மா வந்து நின்னாங்க. பூவாயின்னு பேரு. ஐம்பது ஐம்பத்திரண்டு வயசிருக்கும், பெரிய ஏரிக் கரை மேல குடிசை. புருஷன் பனை மரத்துலேருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ வராம கிடக்கிறாரு. ஏரிக்கரையைப் பலப்படுத்தற வேலை ஆரம்பிக்குது, பட்டா இருக்கறவங்க மனைக்குப் போயிடணும், பட்டா இல்லாதவங்க தை மாசம் பிறக்கறதுக்குள்ள வெறும் கையோட காலி பண்ணணும்னு நோட்டீஸ் குடுத்திருந்தாங்க. எம் பேரு வந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்னு கேட்டாங்க. சரி போனா போகுதுன்னு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். மனை எண் நானூத்திப் பதினேழு, பூவாயி. ரோட்டு மேல மனை, பக்கத்துலயே குடிதண்ணிக் குழா. அந்தம்மாவுக்கு நிறையப் படிக்கத் தெரியாது, தன் பேரைப் படிக்கத் தெரியும். ஸ்கிரீன்ல விரலை வச்சுப் படிச்சாங்க. கைரேகை படிஞ்சிடுச்சு, நான் துடைச்சேன்.

மறுநாள் காலையில புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சு.

இங்கதான் உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். எங்க பட்டியல் எங்க ஆபீஸ்ல இல்ல, கலெக்டர் ஆபீஸ் சர்வர்ல இருக்கு. எங்க கம்ப்யூட்டர் அதுகிட்ட கேட்டு வாங்கிக் காட்டும். நடுவுல நின்னு கேட்டு வாங்கிக் குடுக்கற சின்ன புரோகிராமுக்கு டிரைவர்னு பேரு. புதுக் கம்ப்யூட்டர்ல அதை நான்தான் போட்டேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ஒரு இடத்துல எழுத்து முறை எதுன்னு ஒரு கட்டம் கேட்டுச்சு. அதுல லத்தீன் ஒண்ணுன்னு ஏற்கெனவே எழுதியிருந்துச்சு. எவனோ படிச்சவன் யோசிச்சு எழுதி வச்சிருக்கான், ஏற்கெனவே எழுதியிருக்கறதை நான் மாத்தறதில்ல, அது என் கொள்கை. நெக்ஸ்ட் குடுத்தேன். பினிஷ்.

திறந்தா பட்டியல் முழுக்கக் கேள்விக்குறி. மனை நம்பர் சரியா இருக்கு, அளவு சரியா இருக்கு, பேரு இருக்க வேண்டிய இடத்துல கேள்விக்குறி. அப்பா பேரு கேள்விக்குறி. ஆணா பெண்ணாங்கற கட்டத்துலயும் கேள்விக்குறி. ஏன் தம்பி தலையில கை வைக்கிறீங்க? இருங்க, இன்னும் இருக்கு.

சர்வர் கெட்டுப்போச்சுன்னு உடனே கண்டுபிடிச்சிட்டேன். பத்தொம்பது வருஷ அனுபவம் சும்மாவா. இருந்தாலும் நம்ம பக்கம் ஒண்ணும் விட்டுடக் கூடாதேன்னு எல்லாத்தையும் சோதிச்சேன். தமிழ் ஃபாண்ட் பதினோரு விதம் போட்டுப் பாத்தேன். கேள்விக்குறிதான் விதவிதமா வந்துச்சு, ஒண்ணு மெலிசா, ஒண்ணு சாய்வா, ஒண்ணு ரொம்ப அழகா. கீபோர்டை மாத்தினேன். ஒயரைக் கழட்டித் துடைச்சேன். ஆயுத பூஜை முடிஞ்சு நாலே நாள்தான் ஆகுது, புதுப் பெட்டிக்குப் பொட்டு வைக்கலயேன்னு தாசில்தார் சொன்னார், அதையும் வச்சேன். சென்னையில உதவி மையத்துக்குப் போன் போட்டா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னான். ரீஸ்டார்ட் பண்ணிக் கேட்டா இன்னொரு தடவை பண்ணுங்கன்னான். கலெக்டர் ஆபீஸ்ல சர்வரைப் பாத்துக்கறவங்களுக்குச் சொல்லலாம்தான். ஆனா கெட்டது அவங்க சர்வர், நான் எதுக்கு முதல்ல போன் பண்ணணும்? அவங்க பண்ணட்டும்னு இருந்தேன்.

அன்னிக்கு மத்தியானம் பூவாயி வந்தாங்க. அவங்க வரும்போது ஆபீஸ்ல இருபது பேர் நிக்கறாங்க, வி.ஏ.ஓ. இருக்காரு, தாசில்தார் இருக்காரு. நான் ஒயரும் கையுமா உக்காந்திருக்கேன். எம் பேரு எங்க சார்னாங்க. சர்வர் கோளாறும்மா, உனக்குச் சொன்னாப் புரியாதுன்னேன். அந்தம்மா ஸ்கிரீனைப் பாத்தாங்க, பெட்டியைப் பாத்தாங்க, மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க.

"நேத்துப் பழைய பொட்டியில எம் பேரு இருந்துச்சுல்ல சார். பொட்டியை மாத்தினீங்க, பேரு போச்சு. அந்தப் பழைய பொட்டியை எடுத்துட்டு வந்து பாக்கலாம்ல?"

இருபது பேர் முன்னாடி. தாசில்தார் முன்னாடி. வி.ஏ.ஓ. சிரிச்சே புட்டாரு. கீரைக் கட்டு விக்கிற அம்மா எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருது. எனக்கு உச்சி மயிர் எரிஞ்சுச்சு. பழைய பெட்டி ரெக்கார்டு ரூம்ல சாக்கு போட்டு மூடித்தான் இருந்துச்சு, எடுத்து வைக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனா எடுத்தா என்ன அர்த்தம்? அந்தம்மா சொன்னதை நான் கேட்டேன்னு அர்த்தம். வேலையைப் பாத்துக்கிட்டுப் போம்மா, உன்னுதைக் கடைசியாத்தான் பாப்பேன், எல்லாத்துக்கும் கடைசியா, அப்படின்னேன். சொன்னா சொன்னதுதான். நான் சொன்ன சொல் மாறாதவன்.

சரி, பட்டா குடுத்தாகணுமே. தாசில்தார், இருக்கறதை அச்சடிச்சுக் குடு, பேரை அப்புறம் பாத்துக்கலாம்னார். பள்ளிக்கூட மைதானத்துல பந்தல் போட்டு பட்டா வழங்கும் விழா. மேடையில தாசில்தார் மைக்கைப் பிடிச்சு, மனை எண் ஒண்ணு, கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி, மேடைக்கு வரவும்னு வாசிச்சார். யாரும் எழுந்திரிக்கல. மறுபடி வாசிச்சார். அப்புறம் ஒருத்தர் மெல்ல எழுந்தார். அவரைப் பாத்து இன்னொருத்தர் எழுந்தார். அப்புறம் பந்தலே எழுந்திரிச்சிடுச்சு தம்பி. முந்நூறு பேர் மேடையை நோக்கி வர்றாங்க. தேசிய கீதம் போட்டு விழாவை முடிச்சோம்.

மறுநாள் தாசில்தார் ஒரு வழி கண்டுபிடிச்சார். நம்ம ஊர்ல இது ஒண்ணும் புதுசில்லயே. ரேஷன் கார்டுல ஒரு பேரு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல ஒரு பேரு இருந்தா என்ன பண்ணுவோம்? இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு சான்று குடுப்போம். ஒரே நபர் சான்று. அதே மாதிரி, பட்டாவுல இருக்கிற கேள்விக்குறியும் இந்த ஆளும் ஒரே நபர்தான்னு சான்று குடுத்துட்டாப் போச்சு. பேருல எத்தனை கேள்விக்குறி வரும்னு கணக்குப் பாத்து, அத்தனை கேள்விக்குறி இருக்கிற மனையை அவங்களுக்குக் குடுத்துடலாம். எனக்கே அந்த யோசனை பிடிச்சிருந்துச்சு.

ஆனா சான்றும் அதே கம்ப்யூட்டர்லதான் வரணும். கையால எழுதினாச் செல்லாது. நான் பேரைத் தமிழ்ல சுத்தமா டைப் அடிப்பேன், உள்ள போகும், வெளிய வரும்போது கேள்விக்குறியா வரும். ஆக அந்தச் சான்றுல என்ன இருந்துச்சுன்னா, "கேள்விக்குறி என்பவரும் கேள்விக்குறி என்பவரும் ஒரே நபர்தான் என்று சான்றளிக்கப்படுகிறது." கீழ தாசில்தார் கையெழுத்து, முத்திரை. அச்சு ரொம்பத் தெளிவா இருந்துச்சு, அதைச் சொல்லணும். நாப்பது பேருக்குக் குடுத்தோம். அவரும் படிச்சுப் பாத்துட்டு, இதுல தப்பு ஒண்ணும் இல்லயே ஞானசுந்தரம்னார். யோசிச்சா, இல்லதான்.

அந்த நாப்பதுல ஒருத்தன் வீராசு. பூவாயியோட குடிசைக்கு நாலாவது குடிசை. கம்ப்யூட்டருக்குக் காலு, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி எழுத்து, அதனால அவன் பேருக்கும் ஆறு கேள்விக்குறி, பூவாயிக்கும் ஆறு கேள்விக்குறி. ரோட்டு மேல, தண்ணிக் குழா பக்கத்துல நானூத்திப் பதினேழு இருக்குன்னு தெரிஞ்சதும் சான்றை எடுத்துட்டு வந்து, நான்தான் ஆறு கேள்விக்குறி, மனை எனக்குத்தான்னு நின்னுட்டான். மனையில நாலு கல்லும் ஊனிட்டான். பூவாயி வந்து, நீங்க எனக்கு ஸ்கிரீன்ல காட்டினீங்களே சார், என் விரலை வச்சுப் படிச்சேனே, அதைச் சொல்லுங்க சார்னு கெஞ்சினாங்க. தை பிறக்க ஒண்ணரை மாசம்தான் இருக்கு, அந்த மனுஷனைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மரத்தடிக்குப் போவேன்னு அழுதாங்க. வரிசையில வாம்மான்னேன். என்ன சொல்லச் சொல்றீங்க? எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருந்துச்சு.

ஆனா நான் சும்மா இருக்கல, அதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி சம்பளப் பட்டியல்ல ஒரு கோளாறு வந்துச்சு, அப்ப ஒவ்வொரு பதிவையும் திறந்து, ஒண்ணும் மாத்தாம சேவ் பண்ணினா சரியாயிடுச்சு. அது ஞாபகம் வந்துச்சு. உடனே ஆரம்பிச்சேன். மனை எண் ஒண்ணு, திற, சேவ். ரெண்டு, திற, சேவ். வேற எவனாவது செய்வானா? மூணு வாரம். ஞாயித்துக்கிழமைகூட வந்து உக்காந்தேன். சரியாகலயேன்னு தாசில்தார் கேட்டார். பாதிப் பேரைக் குளிப்பாட்டினா சொறி போகுமா ஐயா, எல்லாத்தையும் முடிச்சாத்தான் தெரியும்னேன். சரின்னார். தினம் சாயங்காலம் பேக்கப்பும் எடுத்தேன், ஒரு நாள் தவறல. எடம் வீணாகக் கூடாதுன்னு பழைய பேக்கப் மேலயே எடுத்தேன்.

என்ன தம்பி, லேப்டாப்பை மூடிட்டீங்க?

நானூத்திப் பதினாறு வந்துச்சு, சேவ் பண்ணினேன். நானூத்திப் பதினேழைத் தாண்டி நானூத்திப் பதினெட்டுக்குப் போயிட்டேன். சொல்லியிருக்கேன்ல, உன்னுது கடைசின்னு. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு வரைக்கும் முடிச்சேன். அது ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கு மூணு மணி. அந்த ஒண்ணையும் சேவ் பண்ணியிருப்பேன், ஆனா ஒரு டீ குடிச்சுட்டு வந்து பண்ணுவோம்னு எழுந்தேன். டீ குடிச்சுட்டு வந்தா என் சீட்டுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு.

கலெக்டர் ஆபீஸ் தொழில்நுட்பப் பிரிவு, பேரு தமயந்தியாம். இருபத்தஞ்சு வயசு இருக்கும். பந்தல் எழுந்திரிச்ச கதை அங்க வரைக்கும் போயிருக்கு. அந்தப் பொண்ணு ஒரு கேள்விகூட கேக்கல, நேரா டிரைவர் அமைப்பைத் திறந்துச்சு, லத்தீன் ஒண்ணைப் பாத்துச்சு, அதை அழிச்சு, எல்லா மொழிக்கும் பொதுவாம், யு.டி.எஃப் எட்டுன்னு அடிச்சுச்சு. அவ்வளவுதான் தம்பி. நெக்ஸ்ட்கூட இல்ல. பட்டியலைத் திறந்துச்சு. எல்லாம் கேள்விக்குறி. நான் சிரிச்சேன். பாத்தீங்களா மேடம், சர்வர் கோளாறுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்னேன். அந்தப் பொண்ணு கீழ இறக்கிக்கிட்டே போச்சு. நானூத்திப் பதினேழுல நிறுத்துச்சு. பூவாயி. அத்தனை கேள்விக்குறிக்கு நடுவுல பூவாயின்னு தமிழ்ல பளிச்சுன்னு நிக்குது.

"மத்த எல்லாத்தையும் சேவ் பண்ணினது யாரு சார்?" அப்படின்னு கேட்டுச்சு.

"நான்தாம்மா, ஒண்ணுவிடாம" அப்படின்னேன். பாராட்டத்தான் கேக்குதுன்னு நெனச்சேன்.

அது சொன்ன விளக்கத்தை இன்னிக்கு வரைக்கும் நான் முழுசா ஒத்துக்கல. சர்வர்ல பேரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம். லத்தீன் ஒண்ணுல தமிழ் எழுத்தே கிடையாதாம், என் பெட்டிக்குத் தமிழ் வாங்கிக்கத் தெரியாததால கேள்விக்குறியாக் காட்டிச்சாம். காட்டினதோட விட்டிருந்தா ஒண்ணுமில்லயாம். நான் சேவ் பண்ணப் பண்ண, அந்தக் கேள்விக்குறியே உள்ள போய் நிஜப் பேரு மேல உக்காந்துடுச்சாம். பேக்கப் எங்கன்னுச்சு. காட்டினேன், அதுலயும் கேள்விக்குறிதான். பழைய கம்ப்யூட்டரை அன்னிக்கே எடுத்து வச்சுப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்குமே சார்னு அதுவும் கேட்டுச்சு. எல்லாரும் இதையே சொல்றாங்க.

அப்புறம் ஊரே கேக்குது, ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறுல ஒரே ஒரு பேரு மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? ஞானசுந்தரம் அந்தம்மாவுக்கு மட்டும் ரகசியமாப் பண்ணிக் குடுத்துட்டான். வீராசு புகார் எழுதிப் போட்டான். மறுநாளே பூவாயி ஆபீஸுக்கு வந்து என் மேஜை மேல ஒரு கட்டு முருங்கைக்காயை வச்சுக் கும்பிட்டுட்டுப் போச்சு, அதை வி.ஏ.ஓ. பாத்துட்டாரு. மெமோவுல வந்துடுச்சு தம்பி. "முருங்கைக்காய் பதினான்கு." பன்னெண்டுதான். ரெண்டு சேத்து எழுதியிருக்காங்க.

மார்கழி கடைசியில கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை. துணை ஆட்சியர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டுக்கிட்டு, அதிகம் பேச மாட்டாங்க. அவங்க முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பூவாயிங்கற அந்தப் பதிவு முதல்லேருந்தே இருந்ததா, இல்ல நான் பின்னாடி நுழைச்சதா? முதல்லேருந்தே இருந்ததுன்னா மனை பூவாயிக்கு. நுழைச்சதுன்னா பட்டியல் முழுக்க ரத்து, எல்லாரையும் புதுசாக் கணக்கெடுத்து வர ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள ஏரிக்கரைக் குடிசை எல்லாம் மண்ணோட போயிடும். மத்தவங்க வாய்க்கா ஓரத்துல, ரோட்டு ஓரத்துல காத்துக்கிட்டிருக்கலாம். கரை மேல இருக்கறவங்களுக்கு அந்த நேரம் இல்ல.

தாசில்தார் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு வழி சொல்லிக் குடுத்துட்டார். இயந்திரக் கோளாறு, எந்தப் பதிவையும் நம்ப முடியாது, அந்த ஒண்ணு எப்படி வந்ததுன்னு எனக்கும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துடு ஞானசுந்தரம், கண்டிச்சு விட்டுடுவாங்க, வேலை போகாதுன்னார். எழுதி வச்சிருந்தேன். அந்தம்மா எனக்கு என்ன, அத்தையா சித்தியா? சட்டைப் பையில மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன்.

முதல்ல பூவாயியைக் கூப்பிட்டாங்க. அந்தம்மா எழுந்து என் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. இந்த சார் மாதிரி மனசு யாருக்கும் வராது, ஆயிரத்து எண்ணூறு பேரு இருக்கையில எனக்குன்னு மட்டும் பாத்துப் பாத்துப் பண்ணிக் குடுத்தாரு, எம் புருஷன் படுத்துக் கிடக்கறதை நெனச்சு இரக்கப்பட்டுப் பண்ணினாருன்னு சொல்றாங்க. வீராசு, கேட்டுக்கோங்க மேடம், கேட்டுக்கோங்கன்னு குதிக்கிறான். தாசில்தார் கண்ணை மூடிக்கிட்டார். அந்தம்மா நல்லது சொல்றதா நெனச்சு என் கழுத்துக்கும் அவங்க கழுத்துக்கும் சேத்துக் கயிறு போடுறாங்க.

எனக்குத் தாங்கல தம்பி. பத்தொம்பது வருஷத்துல ஒருத்தருக்கும் சலுகை காட்டினவன் இல்ல நான். என் சொந்த மச்சினன் வருமானச் சான்றுக்கு ரெண்டு மாசம் அலைஞ்சான். என்னைப் போய் இரக்கப்பட்டான்னு சொல்றதா? எழுந்தேன்.

"மேடம், நான் இந்தம்மாவுக்கு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடல. இருபது பேர் முன்னாடி என்னை அவமானப்படுத்தினாங்க, அந்தக் கோவத்துல இவங்களுதை மட்டும் தொடாம விட்டேன். மத்த ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தஞ்சையும் இந்தக் கையாலதான் சேவ் பண்ணினேன். இதை மட்டும் பண்ணல."

துணை ஆட்சியர் கண்ணாடியைக் கழட்டினாங்க. அப்ப அந்த ஒரு பதிவு நீங்க முதல் தடவை டைப் அடிச்சபடியே இருக்குதான்னு கேட்டாங்க. ஆமா மேடம், கிட்டயே போகலன்னேன். மத்ததை அழிச்சது நீங்கதான்னும் ஒத்துக்கறீங்களான்னாங்க. அழிக்கல மேடம், சேவ் பண்ணினேன்னேன். ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க. தமயந்தி எழுந்து, பதிவைக் கடைசியா மாத்தின தேதி சர்வர்ல இருக்கு, சார் சொல்றது நிஜம்தான்னு ஒரு காயிதத்தை நீட்டுச்சு. வீராசு உக்காந்துட்டான். என் பையில இருந்த மடிச்ச காயிதம் அப்படியே இருந்துச்சு, அப்புறம் வீட்டுல என் சம்சாரம் சட்டையோட துவைச்சிட்டா.

வெளிய வராந்தாவுல அந்தம்மா காத்துக்கிட்டு நின்னாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா எனக்கும் நாலு வார்த்தை பேச வசதியா இருந்திருக்கும். கண்ணுல தண்ணி வழியுது, முந்தானையால துடைச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க.

"இரக்கம்னு நெனச்சேன் சார். கோவமா? நல்ல கோவம் சார் அது. நீங்க மட்டும் எம் மேல கோவிச்சுக்கலன்னா எனக்கு வீடு ஏது?"

அதுக்கு என்ன பதில் சொல்றது? உங்களுக்கு ஏதாவது தோணுதா? எனக்கு எட்டு மாசமாத் தோணல. அன்னிக்கு சாயங்காலமே சஸ்பென்ஷன் ஆர்டர் கையில குடுத்துட்டாங்க. தை பிறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்தம்மாவுக்குப் பட்டா கையில கிடைச்சுச்சு.

மத்தவங்களை இப்பத்தான் புதுசாக் கணக்கெடுத்துக்கிட்டிருக்காங்க. தமயந்திதான் ஏத்துதாம். வீடு வீடாப் போய்ப் பேரு கேக்கறாங்களாம். வாய்க்கா ஓரத்துல ஒரு கிழவர், என் பேரைப் போன வருஷமே குடுத்தேனே, என்ன பண்ணினீங்கன்னு கேட்டாராம். அதை யாரோ வந்து என்கிட்டச் சொன்னாங்க. அன்னிக்குச் சோறு இறங்கல. ஏன்னு தெரியல, சேவ் பண்றது தப்பில்லதானே.

எங்க போறேன்னு கேக்கவே இல்லயே நீங்க. அங்கதான் போறேன். நானூத்திப் பதினேழு. இன்னிக்குப் பால் காய்ச்சறாங்க. ஒரு ரூம், மேல சிமெண்ட் ஷீட்டு, அவ்வளவுதான், ஆனா அந்த மனுஷனைப் படுக்க வைக்க ஜன்னல் ஓரமா இடம் விட்டிருக்காங்களாம். வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துக்கிட்டக் குங்குமம் குடுத்துக் கூப்பிட்டுப் போனாங்க. போக மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் போற போக்குல அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. வாசக் கதவுக்கு மேல எம் பேரை எழுதணும் சார், பெயிண்டரைக் கூப்பிடல, அத்தனை பேரு பேரையும் அழிச்ச கையால என் பேரை எழுதிக் குடுங்கன்னு. குத்திக் காட்டல தம்பி, அந்தம்மாவுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. மனசாரத்தான் கேட்டாங்க.

மூணே எழுத்துதான். நாலு நாளா நோட்டுல எழுதி எழுதிப் பாத்துக்கிட்டிருக்கேன், கீபோர்டு பழக்கத்துல கை எழுத்தே மறந்துபோச்சு. என் சம்சாரம் பாத்துட்டு, என்னங்க இது, ஸ்கூல் பையன் மாதிரின்னு சிரிக்கிறா.

இந்தா, ஏரிக்கரை ஸ்டாப்பு வந்துடுச்சு, அந்த மனைக்கு இங்கதான் இறங்கணும். மேல இருக்கிற அந்த மஞ்சப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி. சாய்க்காம நேரா பிடிங்க, உள்ள பெயிண்ட் இருக்கு.